சமயம் எது, உலக வழக்கம் எது?

கேள்வி: சமயம் வேறு, அரசு வேறு என்ற எண்ணம் கடவுளை மறுத்த ஐரோப்பியரிடமிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா? (வாசகி, தெப்பக்குளம், மதுரை)

பதில்: இல்லை. அதற்காக வாதாடியவர்களில் பலர் ஆழ்ந்த நம்பிக்கையாளர்கள். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1689-ல் வெளியிட்ட சகிப்புத்தன்மைக் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் கையில் இருப்பது தண்டனை. தண்டனைக்குப் பயந்து வாய் சொல்லும், மனம் நம்பாது. மனம் நம்பாத வழிபாட்டைக் கடவுள் ஏற்கமாட்டார். ஆகவே ஆன்மாவின் காரியம் அரசின் வேலையல்ல என்றார். சமயத்துக்குள் நின்றே எடுத்த வாதம் இது. அதனால்தான் நாத்திகருக்கு அதில் இடமில்லை. கடவுளுக்கு அஞ்சாதவரின் சத்தியத்தை நம்பமுடியாது என்பது அவர் கருத்து.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதை மதுரை அதற்கு முன்பே கண்டிருக்கிறது. 1606-ல் இங்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி, பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் குல அடையாளங்களே, சமயச் சின்னங்கள் அல்ல, கிறிஸ்தவரான பின்னும் வைத்துக்கொள்ளலாம் என்றார். உடனிருந்த குருவே எதிர்த்தார். விவகாரம் ரோம் வரை போய், 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு அனுமதித்தார். பிழை நேர்ந்ததும் இங்கேதான். சாதியை உலக வழக்கம் என்று ஒதுக்கியதும், சமயத்தின் கண்டனத்திலிருந்து அது தப்பிவிட்டது. மேல்சாதியாருக்கு ஒரு குரு, மற்றவருக்குப் பண்டாரசுவாமி எனப்பட்ட வேறொரு குரு என்று மறைப்பணியே இரண்டானது.

கேள்வி: அப்படியானால் கோயில் நுழைவுச் சட்டம் சமயத்தில் அரசு தலையிடுவது ஆகாதா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: 1897-ல் கமுதி கோயிலுக்குள் நுழைந்த நாடார்களுக்கு எதிராக, வழக்கத்தை ஆதாரமாக வைத்து 1908-ல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனபோதும் அவர்களைக் காக்கச் சட்டம் இல்லை. அவசரச் சட்டம் பிறகுதான் வந்தது.

இன்று அரசியலமைப்பின் 25(2) பிரிவை இரண்டாகப் பிரித்துப் படிக்கவேண்டும். சமயத்தை ஒட்டிய பணம், பொருளாதாரம், அரசியல் போன்ற காரியங்களை அரசு முறைப்படுத்தலாம் என்பது ஒன்று. பொதுவான இந்துக் கோயில்களை எல்லா வகுப்பு இந்துக்களுக்கும் திறந்துவிடலாம் என்பது மற்றொன்று. உண்டியல் கணக்கு முதலாவதில் வரும், நீங்கள் கேட்ட நுழைவு இரண்டாவதில். பூசை முறை? ஒரு சமயத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அச்சமயத்தின் கோட்பாட்டைக் கொண்டே அறியவேண்டும் என்று 1954-ல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அப்படி அறிந்து சொல்லும் பொறுப்பு நீதிபதியிடமே வந்து நிற்கிறது. இன்றுவரை தீராத சிக்கல் அது.