கதையில் வரும் பேதுருவும் வேதத்தில் வரும் பேதுருவும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் நூலகத்திலிருந்து ‘குவோ வாடிஸ்’ நாவலை எடுத்து வந்திருக்கிறாள். ரோமாபுரியில் ஆதிச் சபை பட்ட பாடுகளைச் சொல்லும் சரித்திரக் கதை என்றதும் மகிழ்ந்தேன். புரட்டிப் பார்த்தால் நீரோவின் விருந்துகளும் களியாட்டங்களும் பக்கம் பக்கமாக வருகின்றன. அவளைப் படிக்க விடலாமா? பேதுரு ரோமாபுரியை விட்டு ஓடினார் என்று அதில் வருவது உண்மையா? ஒரு பிரசங்கத்திலும் இதைக் கேட்டிருக்கிறேன்.
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: தாராளமாகப் படிக்கட்டும்; முடிந்தால் நீங்களும் கூடவே படியுங்கள். “எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் பக்திவிருத்தியை உண்டாக்காது” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நினைத்துத்தான் நீங்கள் தயங்குகிறீர்கள் என்று புரிகிறது. ஒரு நூல் பக்திவிருத்திக்கு உதவுமா என்று பார்க்கும்போது, அதில் பாவம் எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டால், நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசி அதிகாரங்களையே பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டியிருக்கும். அந்தப் பாவத்தை வாசகர் எங்கே நின்று பார்க்கும்படி ஆசிரியர் செய்கிறார் என்று கேட்பதே பயன் தரும். இந்த நாவலின் அரண்மனை விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பணயக் கைதியாக ரோமாபுரியில் வளர்ந்த லிஜியா என்ற கிறிஸ்தவப் பெண் அங்கே நடுங்கியபடி அமர்ந்திருக்கிறாள். அவளை விரும்பும் வினீசியுஸே குடிவெறியில் அவளைப் பற்றி இழுக்கிறான். உர்சுஸ் என்னும் பணியாள் அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். அந்தக் காட்சியைப் படிக்கிற எந்தப் பெண்ணுக்கும் விருந்தின்மேல் ஆசை வராது என்பது என் எண்ணம்.

பேதுருவைப் பற்றிய கதை வேதத்தில் இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பேதுருவின் நடபடிகள்’ என்ற தள்ளுபடி ஆகமத்திலிருந்து, அதாவது வேதாகமத்தில் சேர்க்கப்படாத ஒரு பழைய நூலிலிருந்து, அது வருகிறது. நகரை விட்டு வெளியேறும் பேதுரு எதிரே வரும் கர்த்தரைக் கண்டு, “ஆண்டவரே, எங்கே போகிறீர்?” என்று கேட்க, மீண்டும் சிலுவையில் அறையப்படுவதற்கு ரோமாபுரிக்குப் போவதாக அவர் சொல்கிறார், பேதுரு திரும்பிச் சென்று உயிரைக் கொடுக்கிறார். அந்தக் கேள்வியின் லத்தீன் வடிவமே நாவலின் தலைப்பு. ஆப்பியன் சாலையில் இந்தச் சந்திப்பின் நினைவாக ஒரு சிற்றாலயமும் இருக்கிறது. பழைய பாரம்பரியம் என்று அறிமுகப்படுத்திப் பிரசங்கத்தில் சொன்னால் தவறில்லை. “வேதம் சொல்கிறது” என்று தொடங்கினால்தான் தவறு.

ஹென்ரிக் சியன்கியேவிச் இதை 1895–96ஆம் ஆண்டுகளில் பத்திரிகைத் தொடராக எழுதினார். போலந்து அப்போது மூன்று பேரரசுகளால் பங்கிடப்பட்டு, தனி நாடாக இல்லாமல் போயிருந்தது. வல்லரசின் கையில் அகப்பட்ட ஒரு சிறு இனத்துப் பெண்ணைக் கதாநாயகியாக்கிய அந்தப் போலந்து எழுத்தாளரின் மனத்தில் ரோமாபுரி மட்டுமே இருந்திருக்காது. சரித்திர நாவல் எதுவுமே தான் சொல்லும் காலத்தோடு தான் எழுதப்பட்ட காலத்தையும் சேர்த்தே சொல்கிறது என்பதை மகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். கி.பி. 64இல் ரோமாபுரி எரிந்ததைப் பற்றி தாசித்துஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் எழுதிய சில பக்கங்களை நாவலின் பக்கத்திலேயே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கிறிஸ்தவர்கள் மிருகத் தோல் போர்த்தப்பட்டு நாய்களுக்கு இரையாக்கப்பட்டதும், இரவு விளக்குகளாக எரிக்கப்பட்டதும் அவரே எழுதியவை. அவரோ நம் விசுவாசத்தை வெறுத்தவர். ஆனால் தீ தற்செயலாகப் பிடித்ததா, மன்னனின் சதியா என்பதில் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. நாவல் நீரோவைக் குற்றவாளியாகவே நிறுத்திவிடுகிறது. நம் எதிரியைப் பற்றி எது சொன்னாலும் நம்பிவிடும் பலவீனம் விசுவாசிகளாகிய நமக்கு உண்டு. அதை இந்த இடத்தில் கண்டுகொள்ளலாம்.

நம்மவர்களையும் ஆசிரியர் சும்மா விடவில்லை. லிஜியாவின் காதலைப் பெரும் பாவமாகச் சபிக்கும் கிறிஸ்புஸ் என்ற மூப்பரிடம், கர்த்தர் கானாவூர்க் கலியாணத்துக்குப் போனதைப் பேதுரு நினைவூட்டும் இடத்தைத் தவறவிடாதீர்கள். அந்த மூப்பரின் சாயலில் சிலரை நீங்களும் சந்தித்திருப்பீர்கள்!

கேள்வி: கதை என்றாலே கற்பனை, கற்பனை என்றால் பொய். விசுவாசி சாட்சி நூல்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: தாவீது அரசனிடம் நாத்தான் தீர்க்கதரிசி முதலில் சொன்னது, ஏழை ஒருவனின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதை. அரசன் கோபத்தில் கொதித்து எழுந்த பிறகுதான் “நீயே அந்த மனுஷன்” என்ற சொல் வந்தது. நேராகக் குற்றஞ்சாட்டியிருந்தால் தாவீது தன்னைக் காத்துக்கொள்ள வழி தேடியிருப்பான்.

உங்கள் ஐயம் ஜான் பனியன் காலத்திலேயே இருந்தது. அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்த அவர், 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையின் முன்னுரைப் பாட்டில், அச்சிடு என்று சிலரும் வேண்டாம் என்று சிலரும் தமக்குச் சொன்னதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதை அச்சிடாமல் விட்டிருந்தால், எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நமக்குக் கிடைத்திருக்காது. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் தோய்ந்த அந்தத் திருநெல்வேலிப் புலவர், இங்கிலாந்துக் கைதியின் கதையை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் தமிழ்க் காப்பியமாக்கினார்.

ஆனாலும் உங்கள் எச்சரிக்கையைத் தள்ளிவிட மாட்டேன். சிறுவயதில் வெர்ஜிலின் லத்தீன் காப்பியத்தில் வரும் திதோ அரசியின் சாவுக்காகக் கண்ணீர் விட்டுப் படித்த தான், தேவனை விட்டுத் தூரமாய்ச் செத்துக்கொண்டிருந்த தனக்காக ஒரு சொட்டும் அழவில்லை என்று சபைப் பிதாவான அகுஸ்தீன் அறிக்கையிடுகிறார். கதைக்காக அழுதுவிட்டு, அதையே பக்தி என்று எண்ணிக்கொள்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். சில நேரம் கண்ணாடியில்.

கேள்வி: எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் வாரம் ஒரு பகுதியாகப் படிக்க ஒரே ஒரு நூலைச் சொல்லுங்கள்.
– மதுரை வாசகி

பதில்: கோரி டென் பூம் 1971இல் வெளியிட்ட ‘தி ஹைடிங் பிளேஸ்’. ஹாலந்தில் யூதர்களைத் தம் வீட்டில் ஒளித்துவைத்த கடிகாரக்காரர் குடும்பத்தின் உண்மைச் சரித்திரம். ராவன்ஸ்புரூக் என்ற நாஜி வதைமுகாமில் தெள்ளுப்பூச்சிகளுக்காகவும் ஸ்தோத்திரம் செய்ய வேண்டும் என்று அக்காள் பெட்ஸி சொன்னதும், அந்தப் பூச்சிகளுக்குப் பயந்தே காவலர்கள் உள்ளே வராததால் அவர்களால் தடையின்றி வேதம் வாசிக்க முடிந்ததும் பலர் அறிந்த பகுதி. உங்கள் ஐக்கியம் அங்கே நின்றுவிடக் கூடாது. போருக்குப் பின் மியூனிக்கில் கோரி மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும், அதே முகாமின் பழைய காவலன் ஒருவன் முகமலர்ச்சியோடு வந்து கை நீட்டுகிறான். அவருடைய கை எழவில்லை. அந்தப் பக்கங்களுக்கு மட்டும் ஒரு முழு வாரத்தை ஒதுக்கிவையுங்கள். அன்று வாசிப்பைவிடப் பேச்சுக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.