கேள்வி-பதில்: குஞ்சு பட்ஜியும் பில் தராத கடையும்

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக வாங்கிய பட்ஜிகள் (கூண்டில் வளர்க்கும் சிறு கிளிகள்) பள்ளி திறக்கும் வேளையில் நோயில் விழுவது ஆண்டுதோறும் நடப்பதால், இந்த முறை வந்தவற்றில் பறவைக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: "கையில் வளர்ந்த குஞ்சு, நன்றாகப் பழகும்" என்று சொல்லி, நான்கு வாரக் குஞ்சு ஒன்றை வழக்கமான விலையைப் போல் மூன்று மடங்குக்கு விற்றார்கள். ஒரு சிரிஞ்சும் பொட்டலத்தில் மாவும் கொடுத்துக் கரைத்து ஊட்டச் சொன்னார்கள். மூன்றாம் நாள் இறந்துவிட்டது. "உங்களுக்கு ஊட்டத் தெரியவில்லை" என்கிறார் கடைக்காரர். தன்னால்தான் இறந்தது என்று என் மகள் அழுகிறாள். பில் தரவில்லை, பணத்தைக் கைப்பேசி வழியாகத்தான் அனுப்பினேன்.
— வாசகி, திருச்சி

பதில்: அந்தக் குழந்தையின் மீது எந்தப் பிழையும் இல்லை என்பதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். பட்ஜிக் குஞ்சு பொரிந்து 30 முதல் 35 நாள்கள் ஆன பிறகே கூடாக வைத்த பானையை விட்டு வெளியே வருகிறது. வந்த பிறகும் ஒரு வாரமோ அதற்கு மேலோ தந்தைப் பறவைதான் அதற்கு இரை ஊட்டுகிறது. விதையைத் தோலுரித்துத் தின்ன அது பழகுவது அந்த நாள்களில்தான். அதற்கு முன்பே பிரித்த குஞ்சுக்குக் கரைத்து ஊட்டும் மாவு ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். சூடு கூடினால் தீனிப்பை வெந்துபோகும், குறைந்தால் உள்ளே சென்றது செரிக்காமல் புளித்துவிடும், அவசரப்பட்டு அழுத்தினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வெப்பமானி வைத்து ஊட்டுகிற அனுபவசாலிகளே தடுமாறும் வேலையைப் பள்ளிக் குழந்தையின் கையில் கொடுத்து, அதற்குக் கூடுதல் விலையும் வாங்கிக்கொண்ட அந்தக் கடைக்காரருக்குக் குஞ்சின் நிலை தெரியாமல் இருந்திருக்க முடியாது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்குப் பில் தராததையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே பில் இல்லாதது உங்கள் பலவீனம் அன்று, அவருடைய குற்றம். பணம் அனுப்பிய பதிவையும், கடைக்காரருடன் நடந்த செய்திப் பரிமாற்றத்தையும், சிரிஞ்சையும், மிஞ்சிய மாவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் கிடையாது. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டின் விதி. அந்தக் கடையின் பதிவு எண்ணையும் கேளுங்கள். பல கடைக்காரர்களின் குரல் அந்தக் கேள்விக்குப் பிறகு மாறிவிடுகிறது.

கேள்வி: கடையில் இருக்கும் பட்ஜி இளையதா, கிழடா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— மதுரை

பதில்: நெற்றியைப் பாருங்கள். இளம் பறவைக்குக் கறுப்பு வரிகள் அலகின் அடி வரைக்கும் இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ப்பு முடிந்ததும் நெற்றி தெளிந்துவிடும். முழு மஞ்சளிலும் முழு வெள்ளையிலும் வரிகள் தெரியாது என்பதால், அவற்றில் மற்ற அடையாளங்களைத்தான் நம்ப வேண்டும். குஞ்சின் கண் முழுக்கக் கருமையாக இருக்கும். வளர்ந்ததற்குக் கருவிழியைச் சுற்றி வெளிர் வளையம் விழும். அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் உள்ள சதைப்பகுதி, வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். குஞ்சுப் பருவத்தில் ஆணுக்குச் சீரான இளஞ்சிவப்பாகவும், பெண்ணுக்குத் துளைகளைச் சுற்றி வெண்மையாகவும் தெரியும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு: நீங்கள் கேட்கும் அதே பறவை, உங்கள் கண் முன்னே, விதையைத் தோலுரித்து விழுங்குகிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். "இப்போதுதான் சாப்பிட்டது" என்றால் ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்.

கேள்வி: மூன்று நாள் ஊருக்குப் போய் வந்தோம். கிண்ணம் நிறையத் தினை இருந்தும் பறவை இறந்துகிடந்தது. நோயுள்ள பறவையைக் கடைக்காரர் விற்றுவிட்டார் என்று புகார் தரலாமா?
— கோவை

பதில்: புகார் தருவதற்கு முன் அந்தக் கிண்ணத்தை ஒரு முறை ஊதிப் பாருங்கள். பட்ஜி விதையை உரித்து உள்ளிருப்பதைத் தின்றுவிட்டு, உமியை அதே கிண்ணத்தில் உதிர்க்கிறது. மேலே நிறைந்து தெரிவது பெரும்பாலும் வெறும் உமிதான். 30, 40 கிராம் எடையுள்ள உயிருக்குப் பட்டினி தாங்கும் சேமிப்பு எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போகக்கூட உங்களுக்கு நேரமில்லை என்றால், அடுத்த பறவையை வாங்க வேண்டாம்.

கேள்வி: சமையலறை ஜன்னலில் கூண்டைத் தொங்கவிடலாமா?

பதில்: கூடாது, நான்ஸ்டிக் சட்டி அளவு மீறிக் காய்ந்தால் எழும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

கேள்வி: பறவை இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடையில் ஆரஞ்சு நிறப் பொடி ஒன்றைக் கொடுத்துத் தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். எல்லா நோய்க்கும் கேட்கும் என்றார்கள். எத்தனை நாள் கொடுப்பது?
— வேலூர்

பதில்: ஒரு நாளும் வேண்டாம். இந்தப் பொடியைப் பற்றி எழுத எனக்கு எப்போது வாய்ப்புக் கிடைத்தாலும் விடுவதில்லை. பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெயரும் காலாவதித் தேதியும் இல்லாமல் சிறு பொட்டலங்களில் பிரித்து விற்கப்படும் இந்தப் பொடிகள் பெரும்பாலும் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்தை மீன் தீனிக்கும் மணிக்கும் நடுவே தொங்கவிட்டு விற்கிறார்கள் என்பது முதல் குறை. நீரில் கலந்தால் கசப்பதால் பறவை குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. வெளிச்சத்தில் அதன் வீரியமும் கெடுகிறது. கூண்டில் சுண்ணாம்புச் சத்துக்காக நாம் வைக்கும் கடல் நுரையை, அதாவது கணவாய் ஓட்டை, கொத்தினால், அந்தச் சத்தே மருந்தைப் பிடித்து வைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. இவ்வளவையும் தாண்டி மருந்து சரியாகவே சேர்ந்தாலும், நோய் பாக்டீரியாவால் வந்ததாக இருக்க வேண்டுமே! ஓயாமல் தின்றும் மெலிந்துகொண்டே போய், எச்சத்தில் செரிக்காத விதைகள் வந்தால், அது பட்ஜிகளில் அடிக்கடி காணப்படும் வயிற்றுப் பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. மாறாக அது கிளிக்காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸ் என்றால், அதற்கு வழக்கமாக 45 நாள்கள் முறைப்படி டாக்ஸிசைக்ளின் கொடுக்க வேண்டும். நான்கு நாள் பொடியில் பறவை கொஞ்சம் தெளிந்து, நோயை மட்டும் வீட்டுக்குள் பரப்பிக்கொண்டிருக்கும். அது மனிதருக்கும் தொற்றுவது. வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

பட்ஜி தன் நோயைக் கடைசி வரை மறைக்கும். அது உப்பி உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்க்கும்போதே காலம் கடந்துகொண்டிருக்கிறது. காற்று வீசாத மூலையில் கூண்டைப் பாதி மூடி, ஒரு பக்கம் மட்டும் பல்பு வைத்து, ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்தில் வைத்துவிட்டு, இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கூண்டின் அடியில் விரித்த காகிதத்தை எச்சத்தோடு மடித்து எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: ஜோடி நான்காவது முறையாக முட்டையிட்டிருக்கிறது. போன ஈட்டுக் குஞ்சுகள் சிறகு, வால் இறகுகள் உதிர்ந்து, பறக்காமல் தரையில் ஓடுகின்றன. இவற்றைக் கடைக்காரர் வாங்க மறுக்கிறார்.
— சேலம்

பதில்: அவர் மறுத்ததில் தவறே இல்லை. அது பெரும்பாலும் வைரஸால் வரும் இறகு நோய். கடைக்குப் போனால் அங்குள்ள கூண்டுகள் எல்லாவற்றுக்கும் பரவும். ஆண்டுக்கு இரண்டு ஈடுகளுக்கு மேல் விடக்கூடாது என்றிருக்க, நான்காவது ஈட்டை வருமானமாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். பானையை எடுத்துவிடுங்கள், தாய்ப்பறவைக்கு முருங்கைக்கீரையும் கடல் நுரையும் கொடுங்கள், பரிசோதனை முடியும் வரை ஒரு பறவையையும் வெளியே கொடுக்காதீர்கள்.

கேள்வி: பச்சைக்கிளிக் குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது. எல்லோரும் வளர்க்கிறார்களே?

பதில்: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம், எல்லோரையும் சேர்த்துத்தான்.

கேள்வி: முதல் முறையாக இரண்டு பட்ஜி வாங்கப்போகிறேன். குவிமாடம் வைத்த வட்டக் கூண்டு அழகாக இருக்கிறது, வாங்கலாமா?
— புதுச்சேரி

பதில்: அப்படிப்பட்ட ஒன்று என் வீட்டில் இருக்கிறது, அதில் இப்போது மணி பிளாண்ட் வளர்கிறது. பொன்னிறப் பூச்சை அலகால் உரித்துத் தின்ன முடியும் என்பதும், அடித்தட்டைக் கழுவ அதைக் கழற்றவே முடியாது என்பதும் வாங்கிய பிறகுதான் தெரிய வந்தன. உயரத்தைவிட நீளம் அதிகமான செவ்வகக் கூண்டாக, கம்பிகளுக்கு இடையே 12 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாததாகப் பாருங்கள். கூடவே வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகளைக் கழற்றிவிட்டு, தடிமன் மாறி மாறி இருக்கும் வேப்பங் குச்சியையோ கொய்யாக் குச்சியையோ கழுவி மாட்டுங்கள். மிச்சமாகும் பணத்தில் சமையலறை மின்தராசு ஒன்றை வாங்கி, வாரம் ஒரு முறை பறவையை எடை போட்டு எழுதி வையுங்கள். இறகுக்குள் மறைந்திருக்கும் மெலிவை அது முன்கூட்டியே காட்டிவிடும். கூண்டுக் கதவைத் திறப்பதற்கு முன் கூரை மின்விசிறியை நிறுத்துங்கள்.