150 கிராம் சலாது இலை எத்தனை கப்?

வீட்டில் தராசு இல்லை, 150 கிராம் சலாது இலையைக் கப்பில் எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கையால் கிழித்த தளர் இலை என்றால் ஒரு கப்புக்குச் சுமார் 36 கிராம்தான் வரும், ஆகவே நாலு கப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள், ஆனால் நுவரெலியா பக்கம் கோவா மாதிரி உருண்டையாகக் கிடைக்கிறதே ஐஸ்பேர்க், அதை மெல்லியதாக அரிந்தால் அதே கப்பில் 70 கிராம் அளவு பிடிக்கும், இரண்டு கப்பே போதும். அமுக்கி அளக்காதீர்கள். கழுவியதும் நன்றாக உதறித் துணியில் பரப்பிவிட்டு அளங்கள், ஈர இலை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கப்பில் கூடுதலாக இறங்கிவிடும். வல்லாரைச் சம்பலுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், நூலாக அரிவதால் நெருக்கமாக உட்காரும், அதற்குக் கட்டுக் கணக்குதான் சரி. அப்புறம், அடுத்த முறை மரக்கறிக் கடையிலேயே 150 கிராம் நிறுத்துத் தரச் சொல்லுங்கள், தருவார்கள்.