மேற்கே நிலம் சேரச் சேர அமெரிக்கா ஏன் இரண்டாகப் பிளந்தது?

அடிமை முறை தெற்கில் ஆரம்பத்திலிருந்தே இருந்ததுதானே, பிறகு ஏன் 1840களுக்கு மேல் அது உள்நாட்டுப் போர் வரை போனது, மேற்கே நிலம் சேர்ந்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் சம்பந்தம் மிக நேரடியானது.

ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் அடிமை முறையில் மத்திய அரசு கைவைக்க முடியாது என்பதை அன்று வடக்கிலும் பெரும்பாலான அரசியல்வாதிகள் ஒப்புக்கொண்டிருந்தார்கள், பின்னாளில் அதிபரான லிங்கன் உட்பட. ஆனால் இன்னும் மாநிலமாகாத பிரதேசங்களை ஆண்டது நாடாளுமன்றம். அதனால் அடிமை முறை மேல் இருந்த வெறுப்பு, அச்சம், பேராசை எல்லாம் வந்து மோதிக்கொள்ளும் இடமாகப் புது நிலம் ஆனது. அதோடு செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு இடம். வடக்கின் மக்கள்தொகை வேகமாக ஏறியதால் பிரதிநிதிகள் சபை தெற்கின் கையை விட்டுப் போய்விட்டது, மிச்சமிருந்த ஒரே அரண் செனட்தான். 1819-இல் கணக்கு 11-க்கு 11: அடிமை மாநிலங்கள் 11, அடிமை முறை இல்லாத 'சுதந்திர' மாநிலங்கள் 11. மிசூரி அடிமை மாநிலமாக உள்ளே வரக் கேட்டபோது அந்தச் சமநிலை ஆட்டம் கண்டது. 1820-இல் மெய்ன் சுதந்திர மாநிலமாகச் சேர்க்கப்பட்டது, பிரான்சிடம் 1803-இல் வாங்கிய லூசியானா நிலத்தில், மிசூரி நீங்கலாக, 36°30' அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று முடிவானது. அந்த ஏற்பாடு 34 ஆண்டுகள் தாங்கியது.

புது நிலத்தின் மேல் தெற்குக்கு ஏன் இவ்வளவு வெறி? வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் புகையிலை மண் சத்திழந்துவிட்டது, பணம் இப்போது பருத்தி விளையும் அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் டெக்சாஸிலும் இருந்தது. உள்நாட்டுப் போருக்கு முந்தைய சில தலைமுறைகளில் ஏறத்தாழ 10 லட்சம் அடிமைப்பட்ட மனிதர்கள் அந்தப் பருத்தி நிலங்களுக்காகத் தெற்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் கொண்டுபோகப்பட்டார்கள், அவர்களில் பெரும் பங்கினர் விற்கப்பட்டவர்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். புது நிலம் திறந்தால் மனிதனின் விலை ஏறும், மூடினால் இறங்கும். வரைபடத்தில் எல்லைக்கோடு நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டு இந்த வரலாற்றைப் படிப்பவர்கள் இதைக் கவனிக்காமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, மெக்சிகோவுக்கு வருவோம், நிலைமை முற்றியது இங்கேதான். மெக்சிகோ 1829-லேயே அடிமை முறையை ஒழித்த நாடு. 1845-இல் டெக்சாஸை இணைத்து, 1846-இல் போர் தொடங்கி, 1848 ஒப்பந்தத்தில் கலிபோர்னியா முதல் நியூ மெக்சிகோ வரை எடுத்துக்கொண்டபோது, ஏற்கெனவே சட்டப்படி அடிமை இல்லாத மண்ணில் அடிமை முறையைக் கொண்டுவரலாமா என்பதே அமெரிக்காவின் பெரிய விவாதமானது. போர் தொடங்கிச் சில மாதங்களிலேயே பென்சில்வேனியாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டேவிட் வில்மாட், மெக்சிகோவிடம் பெறும் எந்த நிலத்திலும் அடிமை முறை கூடாது என்று ஒரு மசோதாவில் திருத்தம் கொண்டுவந்தார். கறுப்பின மக்கள் மேல் இரக்கத்தால் அல்ல, அந்த நிலம் வெள்ளை உழைப்பாளிகளுக்குப் போக வேண்டும் என்பதால். பிரதிநிதிகள் சபையில் அது நிறைவேறியது, செனட்டில் தேறவில்லை. ஆனால் அந்த வாக்கெடுப்பில் கட்சி வேறுபாடு உடைந்து, வடக்கு ஒரு பக்கமும் தெற்கு ஒரு பக்கமுமாக நின்றார்கள். அதற்குப் பிறகு கட்சிகளால் இந்தப் பிளவை மூடி மறைக்க முடியவில்லை.

தங்கம் கிடைத்து ஆட்கள் குவிந்த கலிபோர்னியா 1850-இல் சுதந்திர மாநிலமானது. அதே பேரத்தில் தெற்குக்குக் கிடைத்தது தப்பியோடிய அடிமைகள் சட்டம். பிடிபட்டவரை உரிமையாளரிடம் அனுப்பினால் விசாரிக்கும் அதிகாரிக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர்! மாநில உரிமைக்காகத்தான் தெற்கு போராடியது என்று இன்றும் சொல்பவர்கள் இந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். வடக்கு மாநிலங்களின் எதிர்ப்பை மீறி, மத்திய அரசின் பலத்தைக் கொண்டு ஆட்களைப் பிடித்துத் தரச் சொன்னது அதே தெற்குதான்.

எல்லாவற்றிலும் பெரிய அடி என்று நான் நினைப்பது 1854. ரயில் பாதைக்காகவும் மேற்கைத் திறப்பதற்காகவும் இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் 1820-இன் எல்லைக்கோட்டை அழித்து, அந்த இரு பிரதேசங்களிலும் குடியேறியவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றது. கேட்க ஜனநாயகமாக இருக்கும். நடந்தது என்னவென்றால், கான்சாஸின் 1855 மார்ச் தேர்தலில் மிசூரியிலிருந்து ஆயுதங்களோடு ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்து வாக்குப் போட்டார்கள், தகுதியுள்ள வாக்காளர்களைவிட இரு மடங்குக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. 1856 மே மாதம் அடிமை முறையை எதிர்த்தவர்களின் லாரன்ஸ் ஊர் சூறையாடப்பட்டது, சில நாளில் அடிமை முறையின் தீவிர எதிரியான ஜான் பிரவுனின் கூட்டம் மறுதரப்பைச் சேர்ந்த ஐந்து பேரை வெட்டிக் கொன்றது. அன்றைய இரு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி சிதறியது, அடிமை முறை பரவக் கூடாது என்ற ஒற்றைப் புள்ளியில் குடியரசுக் கட்சி பிறந்தது. 1857-இல், விடுதலை கேட்டு அடிமையான ட்ரெட் ஸ்காட் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. விட்டுக்கொடுத்துப் பேச இருந்த இடமும் அதோடு போயிற்று.

1860-இல் ஜனநாயகக் கட்சி உடைந்ததும் இதே பிரதேசப் பிரச்சினையில்தான். லிங்கன் வென்ற பிறகு, 1820-இன் பழைய எல்லைக்கோட்டைப் பசிபிக் வரை நீட்டி, இனிமேல் சேரப்போகும் நிலத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று கென்டக்கி செனட்டர் கிரிட்டெண்டன் ஒரு சமரசம் முன்வைத்தார். தெற்கின் கண் அப்போது, அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருந்த கியூபா மேல் இருந்தது. இருக்கும் மாநிலங்களில் அடிமை முறையைத் தொடமாட்டேன் என்று சொல்லத் தயாராக இருந்த லிங்கன், பரவலில் மட்டும் இம்மியும் இறங்காதீர்கள் என்று தன் கட்சிக்காரர்களிடம் சொல்லிவிட்டார். சமரசம் விழுந்தது. 1861 ஜனவரியில், நாட்டை விட்டுப் பிரிந்த தென் மாநிலங்களின் செனட்டர்கள் பலர் வெளியேறிய அடுத்த சில நாட்களில் கான்சாஸ் சுதந்திர மாநிலமாகச் சேர்ந்தது, ஏப்ரலில் போர் தொடங்கியது.