ஓவன் வாங்கலாமா, டீப் ஃப்ரீசர் வாங்கலாமா?

வடசென்னை கொருக்குப்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர். மளிகை, காய், மீன் செலவு தனி. அதுபோக பிரெட், பிஸ்கட், சாயங்கால பஃப்ஸ், வாரத்தில் இரண்டு ராத்திரி பரோட்டா பார்சல் என்று மாதம் 4,000 ரூபாய் கடைக்கே போகிறது. ஒரு ஓடிஜி அடுப்பும் (கரண்டில் ஓடும் சின்ன ஓவன்) சின்ன டீப் ஃப்ரீசரும் தவணையில் வாங்கி, எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து ஃப்ரீஸ் பண்ணி வைத்தால் மிச்சம் பிடிக்க முடியுமா? இப்போது இருப்பது 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். ஐஸில் வைத்த சாப்பாடு உடம்புக்கு ஆகாது என்று மாமியார் சொல்கிறார்.”

மிச்சம் பிடிக்கலாம். ஆனால் இந்த மாதம் இரண்டையும் வாங்காதீர்கள். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். உங்கள் தெருக் கடை விலை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பிரெட். 400 கிராம் பிரெட்டுக்கு 250 கிராம் மைதா வேண்டும். கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 12 ரூபாய் 50 காசு. ஈஸ்ட், சர்க்கரை, எண்ணெய், உப்பு எல்லாம் சேர்த்து ஐந்தாறு ரூபாய். கேஸோ கரண்டோ இன்னொரு ஐந்தாறு. ஆக 25 ரூபாய். கடையில் 45, 50 கொடுக்கிறீர்கள். ஒரு பிரெட்டுக்கு இருபது சொச்சம் மிஞ்சும். வாரம் இரண்டு என்றால் மாதம் 200 ரூபாய்க்குள். 5,000 ரூபாய் ஓடிஜி தன் விலையைத் திருப்பித் தரவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவும் வாரம் தவறாமல் நீங்கள் மாவு பிசைந்தால்.

பிஸ்கட்டில் நிலைமை இன்னும் மோசம். நல்ல வெண்ணெய் போட்டுச் செய்தால் டீக்கடை பட்டர் பிஸ்கட்டைவிட வீட்டு பிஸ்கட் விலை கூடிவிடும். பெரிய பேக்கரிகள் டின் கணக்கில் வனஸ்பதி வாங்குகிற விலைக்கு நாம் போட்டி போட முடியாது. பஃப்ஸும் அப்படித்தான், மாவை மடித்து மடித்து உருட்டுவதற்குள் சென்னை வெயிலில் கொழுப்பு உருகி வழிந்துவிடும். அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

கேக்கில் மட்டும் உண்மையான லாபம் உண்டு. பிறந்தநாள் கேக்கை வீட்டில் செய்தால் பேக்கரி விலையில் பாதிகூட ஆகாது. ஆனால் வருஷத்துக்கு எத்தனை பிறந்தநாள்? (வாராவாரம் கேக் செய்ய ஆரம்பித்தால் செலவு குறையாது, கூடும். வீட்டு கேக் ஒரே ராத்திரியில் தீர்ந்துபோகும்.)

இப்போது அந்தப் பரோட்டா பார்சலைப் பாருங்கள். ஐந்து பேருக்கு பரோட்டா, சால்னா, இரண்டு ஆம்லெட் என்றால் 300 ரூபாயைத் தொட்டுவிடும். வாரம் இரண்டு ராத்திரி, மாதம் 2,400. உங்கள் 4,000த்தில் பாதிக்கு மேல் இங்கேதான் போகிறது. யாருக்கும் அன்றைக்கு அடுப்படியில் நிற்கத் தெம்பு இல்லை என்பதால்தான் பார்சல் வருகிறது. அதே ராத்திரியில் ஃப்ரீசரில் சப்பாத்தியும் குருமாவும் இருந்தால் 100 ரூபாய் சாமானில் வேலை முடியும். வாரத்துக்கு ஒரு பார்சலைத் தவிர்த்தாலே மாதம் 800 ரூபாய் கையில் நிற்கும். பிரெட்டில் கிடைப்பதைப் போல நான்கு மடங்கு. ஆகவே ஃப்ரீசரைக் களைத்துப்போன ராத்திரிகளுக்காக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும் ஐஸ் பெட்டி ஏறக்குறைய 15 லிட்டர்தான் இருக்கும். அது எவ்வளவு குளிர்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு கப் ஐஸ்கிரீமை ஒரு நாள் முழுக்க உள்ளே வையுங்கள். ஸ்பூன் இறங்காமல் கல்லாக இருந்தால் நல்ல குளிர். குழைவாக இருந்தால் மைனஸ் 18 டிகிரியை எட்டவில்லை என்று பொருள்; அதில் மாதக்கணக்கில் வைக்கிற கதையெல்லாம் நடக்காது, இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கடலோர ஈரக்காற்றில் ஐஸ் பெட்டிச் சுவரில் பனி சீக்கிரம் கட்டும். அரை சென்டிமீட்டர் தடிமன் ஆனதும் டீஃப்ராஸ்ட் பட்டனை அமுக்குங்கள். கத்தியால் குத்தி எடுக்காதீர்கள்; சுவருக்குள் ஓடும் குழாய் ஓட்டையானால் வாயு வெளியேறி, ஃப்ரிட்ஜையே மாற்றும்படி ஆகும்.

15 லிட்டரில் எதை வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். டப்பாவில் வைத்தால் இடம் அடைக்கும். எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, தட்டையாகத் தட்டி, ஒரு தட்டில் படுக்க வைத்து உறைய விடுங்கள். உறைந்தபின் நோட்டுப் புத்தகம் மாதிரி செங்குத்தாக அடுக்கிவிடலாம். மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும்.

தேங்காய்த் துருவலை இப்படித் தட்டையாக்கியதும், கவரின் மேல் ஸ்கேலை அழுத்திக் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். உறைந்தபின் சாக்லேட் போல உடைத்து, சட்னிக்கு இரண்டு கட்டம், குழம்புக்கு நாலு கட்டம் என்று எடுக்கலாம். இஞ்சி பூண்டு விழுதும் இதே மாதிரி. கொண்டைக்கடலையை ஒரு கிலோவாக ஊறவைத்து, ஒரே தடவை குக்கரில் வேகவைத்து, நாலு கவராகப் பிரித்தால் கேஸும் மிச்சம். இல்லையென்றால் ‘ஊறப்போட மறந்துவிட்டேன்’ என்கிற இடத்தில்தான் பார்சல் கடைக்கு ஃபோன் போகும்.

சப்பாத்தியை முக்கால் பதமாகச் சுட்டு, நன்றாக ஆறவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். எடுத்தவுடன் நேராகத் தோசைக்கல்லில் போடலாம். குருமாவை வெங்காயம், தக்காளி, தேங்காய் அரைத்து வதக்கிய கெட்டி மசாலாவாக மட்டும் வையுங்கள். உருளைக்கிழங்கைச் சேர்த்து உறையவிட்டால் மாவு மாவாக உதிரும். தயிர், மோர்க்குழம்பு திரிந்துபோகும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பர் ஆகிவிடும். ஓட்டோடு பச்சை முட்டையை வைத்தால் வெடிக்கும். இட்லி மாவைவிட அவித்த இட்லி நன்றாக உறையும். மறுபடி ஆவியில் காட்டினால் போதும்.

காசிமேடு மீன் துறைமுகம் உங்களுக்கு ஷேர் ஆட்டோ தூரம்தான் என்பதால் மீனைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் வருஷாவருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஃபைபர் படகு மீன் மட்டும் வரும், விலை எகிறும். எனவே தடைக்கு முன் வாங்கி நிரப்பிவிடலாம் என்று பலருக்கும் தோன்றும். இரண்டு மாதத்துக்கான மீனை ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் வைப்பது வீண் வேலை. இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும், குழம்புக்கும் வறுவலுக்கும் தனித்தனியாக வாங்குங்கள்.

விசைப்படகு கடலில் பல நாள் தங்கித் திரும்பும்போது, அதன் அடியில் கிடக்கும் மீன் ஏற்கெனவே பல நாள் ஐஸில் இருந்தது. அதை நாம் உறையவைத்தால் பழசைத்தான் பத்திரப்படுத்துகிறோம். செவுளைத் தூக்கிப் பாருங்கள், பளிச்சென்று சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிந்திருக்கக் கூடாது. அங்கேயே காசு கொடுத்து வெட்டி வாங்கி, ஒரு தூக்கு டப்பாவில் நொறுக்கு ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை மூன்றுக்கும் இது ரொம்ப அவசியம். இவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சாப்பிட்டதும் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலிக்கும். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது, உறையவைத்தாலும் போகாது.

வீட்டுக்கு வந்ததும் கழுவி, துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உடனே உள்ளே வையுங்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வைக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. கொழுப்புள்ள மீனில் உப்பு சேர்ந்தால் காறல் வாடை சீக்கிரம் வரும். வெறும் மஞ்சள் தூள் போதும்; மசாலாவை அன்றைக்குத் தடவிக்கொள்ளலாம். இளகவைக்க முந்தின நாள் ராத்திரி கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். காலையில் சிங்க்கில் போட்டுவிட்டு மத்தியானம் வந்து பார்ப்பது ஆபத்து.

மாமியார் சொல்வதில் பாதி சரி. உறையவைத்தால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். சமைத்ததை ஆறவிடுகிறேன் என்று நம்மூர் வெயிலில் நாலு மணி நேரம் மேடையில் விட்டுவிட்டு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால், பெருகிய கிருமியோடுதான் உள்ளே போகும். அகலத் தட்டில் பரப்பி, ஃபேனடியில் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் வைத்துவிடுங்கள். எடுக்கும்போது நன்றாகக் கொதிக்கவிடுங்கள். வெளியில் இளகினதைத் திரும்ப உறையவைக்காதீர்கள். இவ்வளவும் செய்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஐஸ் மீன் வறுவலுக்கு ருசிக்காது என்று அவர் சொன்னால், வாதம் செய்யாமல் குழம்பில் போடுங்கள்.

வடசென்னையில் ஃப்ரீசரை மாதம் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். ஜனவரியில் பச்சைப் பட்டாணி மலிவு; கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஈரம் வடிந்தபின் வைத்தால் நிறம் மாறாது. தக்காளி விலை இறங்கும்போது கூடையாக வாங்கி, சுண்டக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களுக்கு ஆகும். அக்டோபர் பிறந்ததும் புதிதாக எதையும் சேர்க்காமல் இருப்பதைத் தீர்க்க ஆரம்பியுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் பக்கத்தில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நிறைந்த டீப் ஃப்ரீசர் கதவு திறக்காமல் இரண்டு நாள் தாங்கும். உங்கள் ஐஸ் பெட்டி அதில் சின்னப் பங்குகூடத் தாங்காது. காலியிடத்தில் தண்ணீர் பாட்டிலை முக்கால் நிரப்பி வையுங்கள். குளிரையும் பிடித்துவைக்கும், வெள்ளத்தில் குடிக்கவும் ஆகும். ஒரு டம்ளர் ஐஸின் மேல் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது காசு அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பிரெட் செய்துதான் பார்ப்பேன் என்றால், அதற்கு ஓவன் வேண்டாம். அடிகனமான பழைய பிரியாணி குண்டானில் ஒரு அங்குலம் கல்லுப்பு பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிரெஷர் குக்கரில் செய்வதாக இருந்தால் கேஸ்கெட்டும் வெயிட்டும் கண்டிப்பாகக் கழற்றியிருக்க வேண்டும். 250 கிராம் மைதா, 150 மில்லி தண்ணீர், முக்கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீர் என்று எழுதியிருப்பதெல்லாம் குளிர் ஊருக்கு. மே மாதத்தில் பானைத் தண்ணீரே போதும், முக்கால் மணி நேரத்தில் மாவு இரட்டிப்பாகிவிடும். அதையும் தாண்டி விட்டால் புளித்த வாடை வரும். காற்றைத் தட்டி, டின்னில் வைத்து, மறுபடி எழும்பியதும் 35, 40 நிமிடம் வேகவிடுங்கள். மேல்பக்கம் கடை பிரெட் போலச் சிவக்காது. திருப்பித் தோசைக்கல்லில் காட்டினால் சரியாகிவிடும்.

வீட்டு பிரெட்டில் பூஞ்சையைத் தடுக்கக் கடைக்காரர்கள் சேர்க்கும் கால்சியம் புரோப்பியனேட் கிடையாது. சென்னையில் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். அதற்காக ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் சீக்கிரம் வறண்டுபோகும், அந்தக் குளிரில்தான் பிரெட்டில் உள்ள மாவுச்சத்து வேகமாக இறுகும். ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீசருக்கே அனுப்புங்கள். உறைந்த துண்டை அப்படியே கல்லில் போட்டால் இரண்டு நிமிடத்தில் டோஸ்ட். மிஞ்சிய ஓரங்களை மெல்லிய தீயில் காயவைத்தால் ரஸ்க், பிள்ளைகளின் சாயங்கால டீக்கு. கடைப் பஃப்ஸுக்கு அங்கேயும் ஒரு நாள் விடுமுறை.

இப்படி ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஐஸ் பெட்டி ஓயாமல் நிறைந்து, இடம் போதவில்லை என்றால் அப்போது டீப் ஃப்ரீசரை யோசிக்கலாம். கடையில் நட்சத்திர லேபிளைப் பாருங்கள். வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அதில் போட்டிருக்கும். அதை ஆறால் வகுத்தால் உங்கள் இரண்டு மாதக் கரண்ட் பில்லில் எத்தனை யூனிட் கூடும் என்று தெரியும். யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற பில் என்பதால், கூடுகிற யூனிட்டுக்கு உங்கள் கடைசிப் படியின் விலையைப் போட்டுப் பெருக்குங்கள். அதில் பாதியோடு (அதுதான் ஒரு மாதக் கணக்கு) மாதத் தவணையையும் கூட்டி, மாதம் பார்சலில் மிஞ்சிய பணத்தைவிடக் குறைவாக வந்தால் வாங்குங்கள். தரைத்தள வீடு என்றால், வெள்ளத் தண்ணீர் தொடாமல் இருக்க இரண்டு அடி உயர ஸ்டாண்டையும் சேர்த்தே விலை கேளுங்கள்.