மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ நினைக்கிறீர்களா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கிராமங்களில் சிறப்பாசிரியராக வேலை பார்க்கிறேன். நன்கொடை பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா நினைவு நாளுக்குப் பத்து சக்கர நாற்காலி கொடுக்கலாம் என்றிருக்கிறோம். யாரிடம் கொடுப்பது?

நல்ல எண்ணம். வாங்குவதற்கு முன் இதைக் கேளுங்கள். ஒரு வீட்டில், விழாவில் கொடுத்த நாற்காலியின் மேல் துணி காயப்போட்டிருந்தார்கள். பெரியவர்கள் அளவு அது. எட்டு வயதுப் பெண்ணுக்குக் கால் மிதிபலகையை எட்டவில்லை, உடம்பு ஒரு பக்கம் சரிந்துவிடுகிறது. வாசல் நிலைக்குள்ளும் நுழையவில்லை. பாட்டிதான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தார். பத்து வேண்டாம், அளவெடுத்து மூன்று கொடுங்கள். மீதிப் பணம் பழுது பார்க்கவும், பிள்ளை வளர்ந்ததும் அளவு மாற்றவும் இருக்கட்டும்.

கேள்வி: மாதம் 500 ரூபாய்தான் முடியும். பிரயோஜனம் உண்டா அண்ணா?

நிச்சயமாக உண்டு தங்கச்சி. கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் கிடைத்துவிடும், பிசியோதெரபிஸ்ட் சம்பளத்துக்குத்தான் கிடைக்காது. மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் உடம்பின் அசைவைக் கட்டுப்படுத்த முடியாத நிலை) உள்ள குழந்தையைச் சுருட்டிய போர்வை மேல் குப்புறப் படுக்க வைத்து, எதிரே கண்ணாடி வைப்போம். தன் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். முதலில் இரண்டு நொடி, மாதங்கள் போனால் ஒரு நிமிடம். அப்புறம் உட்காரும், கரண்டி பிடிக்கும். வாராவாரம் ஆள் போய் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தால்தான் இது நடக்கும். பயிற்சி நடுவில் நின்றால் தசை இறுகி, கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். உங்கள் 500 ரூபாய் மாதம் தவறாமல் வந்தால், அதை நம்பி ஆள் வைக்க முடியும்.

கேள்வி: நீண்ட காலம் நிலைத்து நின்ற அமைப்பு ஒன்று சொல்லுங்கள்.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படைக்கான உடல்திறன் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அவர் தொடங்கியது இது. தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சஹலின் பெயரை வைத்தார். 1992-இல் தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமன் சேர்ந்தார். பாதிக்கப்பட்டவர்களே முடிவெடுக்கும் இடத்தில் இருந்ததுதான் அதன் பலம் என்பேன். நீங்கள் கொடுக்கும் அமைப்பிலும் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி ஓராண்டுக்குத்தான் என்கிறார்கள்.

அப்படி ஒன்றும் இல்லை. தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டு வரை நீளும் தொடர் திட்டத்துக்கு சமூகப் பொறுப்பு நிதி விதிகளில் 2021-இல் செய்த திருத்தம் இடம் தருகிறது. உங்கள் நிதிப் பிரிவில் இதைக் காட்டிப் பேசுங்கள்.

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப் பள்ளிக்குக் கொடுக்கலாமா, ஊர்ப் பள்ளிக்கா?

என் ஓட்டு ஊர்ப் பள்ளிக்குத்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கத்தான் வழி செய்கிறது. முதலில் கழிப்பறையைப் பாருங்கள். சக்கர நாற்காலி உள்ளே போகாத பள்ளிகளில், சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அகலக் கதவு, கைப்பிடி, உள்ளே நாற்காலி திரும்ப இடம் வேண்டும். சாய்தளம் போட்டால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் விடச் சொல்லுங்கள். கொத்தனார் நாலடியில் முடித்துவிட்டால் நாற்காலியோடு ஏற முடியாது. வேலை நடக்கும்போது அந்தப் பிள்ளையையே கூட்டிப்போய் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.