கரடியைத் திருகித்தான் பார்ப்பார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லராக இருக்கிறேன். வேலை நேரம் போக வீட்டில் டெடி கரடிகள் செய்கிறேன். தலை, இரண்டு கை, இரண்டு கால் ஐந்தும் தனித்தனியாகத் திரும்புகிற மாதிரி மூட்டு வைத்தவைங்க. துணியெல்லாம் காதர்பேட்டையில் கிடைக்கும் எக்ஸ்போர்ட் மிச்சம்தான். ஷெர்பா என்கிற சுருள் இழைத் துணி, நீள இழை ஃபர் இரண்டிலும் செய்கிறேன். ஜெர்மனியில் மியூன்ஸ்டர் நகரத்து ‘டெடிபேர் டோட்டல்’ போன்ற கைவினைக் கரடிக் கண்காட்சியில் ஒரு மேசை எடுக்க ஆசை. மோஹேர் துணி (அங்கோரா ஆட்டு ரோமத்தில் செய்தது) இல்லாமல் போனால் மதிப்பார்களா? இலவம்பஞ்சு அடைத்ததைக் கொண்டு போகலாமா? எத்தனை பொம்மை எடுத்துப் போவது?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

வணக்கம்ங்க. திருப்பூர்க்காரருக்குத் துணியைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் உங்கள் சிக்கல் துணியில்தான் ஆரம்பிக்கிறது.

மோஹேர் இல்லை என்று யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. அல்பாகா, விஸ்கோஸ், பாலியஸ்டர் எல்லாவற்றிலும் செய்கிற கலைஞர்கள் அங்கே வருகிறார்கள். மோஹேர் துணியின் பின்புறம் தறியில் நெய்தது, இழுத்தால் நீளாது. காதர்பேட்டை ஃபரின் பின்புறம் பெரும்பாலும் நிட்டிங். அதில் பஞ்சை இறுக்கி அடைத்தால் துணி பக்கவாட்டில் விரியும். பேட்டர்னில் ஒல்லியாக இருந்த கரடி தொப்பை போட்டு நிற்கும். இரண்டு காலையும் வெவ்வேறு வாக்கில் வெட்டியிருந்தால் ஒன்று குட்டை, ஒன்று நெட்டையாகிவிடும். இதையெல்லாம்விட மோசம், போல்ட் போகிற துளை நாளாக நாளாகப் பெரிதாவது.

இதற்கு வழி, வெட்டுவதற்கு முன்பே பின்புறம் நெசவுத் துணியில் வந்த ஃபியூசிங், அதாவது இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி, ஒட்டிவிடுவது. டர்க்கி டவலை விரித்து, இழைப் பக்கம் கீழே இருக்கும்படி துணியைப் போட்டு, குறைந்த சூட்டில் அழுத்தி அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். சூடு கூடினால் பாலியஸ்டர் இழை சுருண்டு உருகும், அதைச் சரி செய்யவே முடியாது. முதலில் ஒரு துண்டில் பாருங்கள்.

வெட்டும்போது கத்திரியின் நுனி மட்டும் பின்புறத் துணியில் நுழையட்டும், இழை வெட்டுப்படக் கூடாது. கம்பெனிப் பழக்கத்தில் ஓவர்லாக் போட்டுவிடாதீர்கள். அது ஓரத்து இழையை நறுக்கிவிடுவதால் தையல் கோடு வெளியே வழுக்கையாகத் தெரியும். 6 மி.மீ. ஓரம் விட்டு, இழையை உள்ளே தள்ளிப் பின் குத்தி, 2 மி.மீ. தையலில் ஓட்டுங்கள். திருப்பிய பிறகு தையலில் மாட்டிய இழையை ஊசியால் நெம்பி எடுத்தால் தையல் சேர்ந்த இடமே தெரியாது.

அடுத்தது மூட்டு. சேகரிப்பவர் கரடியைக் கையில் எடுத்ததும் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார், உடனே கையைத் தூக்கிவிட்டு அது அங்கேயே நிற்கிறதா என்று கவனிப்பார். பிறகு தலையைத் திருகுவார். தலை ஆடினால் அந்தக் கரடி மேசைக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு மூட்டுக்கும் ஹார்ட்போர்டு வட்டு இரண்டு, வாஷர் இரண்டு, போல்ட் ஒன்று, நட் ஒன்று. வரிசை இப்படி: கைக்குள்ளே போல்ட் தலை, வாஷர், வட்டு, கையின் துணி, அதன்பின் உடம்பின் துணி, வட்டு, வாஷர், நட். 30 செ.மீ. கரடிக்கு எம்5 போல்ட், 25 மி.மீ. நீளம் போதும். நட் மட்டும் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டாக இருக்கட்டும், கோவையில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். சாதா நட் கையைத் திருப்பத் திருப்பத் தானாகக் கழன்றுவிடும். அட்டை வட்டும் கூடாது, ஈரக் காற்றில் வளைந்துவிடும். துளையை வெட்டாதீர்கள், குத்தூசியால் நூல்களை விலக்கிப் போல்ட்டை நுழையுங்கள்.

கழுத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தலையை, குறிப்பாக மூக்குப் பகுதியை, விரலால் அமுக்கினால் பள்ளம் விழாத அளவுக்கு முதலில் அடைத்துவிட வேண்டும். வட்டை வைத்து, கழுத்து விளிம்பில் மெழுகு பூசிய தடித்த நூலை ஓட்டிச் சுருக்கிப் போல்ட்டைச் சுற்றி இறுக்குங்கள். இந்தச் சுருக்கு தளர்ந்திருந்தால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் தலை ஆடத்தான் செய்யும். பஞ்சு சில நாளில் அமர்ந்துவிடும் என்பதால் முதுகுத் தையலை உடனே மூடாமல் வைத்திருந்து, இன்னொரு முறை ஸ்பேனர் போட்டுவிட்டு மூடுங்கள்.

கண் வைப்பதற்கு முன் கறுப்புக் குண்டூசியை இடம் மாற்றி மாற்றிக் குத்திப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே கரடியின் வயது மாறிவிடும். கண்ணாடிக் கண்ணின் கம்பி வளையத்தில் நூலைக் கோத்து, நீள ஊசியால் பிடரிக்குக் கொண்டுவந்து, குழி விழும்வரை இழுத்து முடிச்சிடுங்கள். மூக்குக்கு 8ஆம் நம்பர் பேர்ல் காட்டன் நூல், முதல் தையல் நடுக்கோட்டில். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் மூக்கு கோணிக்கொள்ளும்.

இலவம்பஞ்சு ஒன்றும் மட்டமல்ல. 1920களில் இங்கிலாந்தில் செய்த கரடிகள் பலவற்றில் அதுதான் உள்ளே இருக்கிறது. ஆனால் கையால் கொட்டை நீக்கிய பஞ்சில் விதை தங்கும், எல்லையில் தாவர சோதனைக்காரர்கள் அதைத்தான் தேடுவார்கள். வெளிநாடு போகிறவற்றுக்கு ரெக்ரான் என்கிற பாலியஸ்டர் பஞ்சே நல்லது. குரும்பை ஆட்டு ரோமத்தில் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். கழுவிப் பதப்படுத்தாத ரோமம் ஐரோப்பாவில் விலங்குப் பொருள் விதிக்குள் வந்துவிடும். கனத்துக்கு இரும்புக் குண்டு போடுவதானால் துருப்பிடிக்காத எஃகாக வாங்கித் தனித் துணிப் பையில் தைத்து வயிற்றில் வையுங்கள். எக்ஸ்ரேயில் அடர்ந்த திட்டாகத் தெரிந்து பிரிக்கச் சொன்னால், பையை மட்டும் எடுத்துக் காட்டிவிடலாம்.

எண்ணிக்கையில் ஆசைப்படாதீர்கள். முதல் மேசைக்குப் பத்துப் பன்னிரண்டு போதும், அளவிலும் விலையிலும் மூன்று ரகமாக. ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர், கரடியின் பெயர், உயரம், துணி, உள்ளே அடைத்தது, ஆண்டு, ஒன்றுதான் செய்தீர்களா என்பது எல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். அதே சீட்டில், 14 வயதும் அதற்கு மேலும் உள்ள சேகரிப்பாளர்களுக்கானது என்று ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பளிச்சென்று எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் ஐரோப்பிய விதிப்படி அது குழந்தைகள் பொம்மை. அதற்குரிய சோதனையெல்லாம் கேட்பார்கள்.

விற்கக் கொண்டுபோவதை ‘சொந்தச் சாமான்’ என்று சொல்லிக் கடக்கப் பார்க்க வேண்டாம். விமானப் பயணிக்கான 430 யூரோ வரிச் சலுகை வியாபாரப் பொருளுக்குக் கிடையாது. விலைப் பட்டியலோடு சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் அறிவித்து, 19 சதவீத இறக்குமதி வாட்டையும் (மதிப்புக் கூட்டு வரி) கணக்கில் வைத்து விலை போடுங்கள். காட்சிக்கு மட்டும் போய்த் திரும்பி வருகிறவற்றுக்கு ஏடிஏ கார்னே என்கிற தற்காலிகச் சுங்க ஆவணம் எடுக்கலாம், இந்தியாவில் அதை ஃபிக்கி என்கிற வணிகத் தொழில் கூட்டமைப்பு தருகிறது. விற்கிறதற்கு அது உதவாது. இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். உள்ளூரில் விற்பதற்கு, கைவினைஞராக மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிந்துகொண்டால் 2021 முதல் பொம்மைகளுக்குக் கட்டாயமான ஐஎஸ்ஐ முத்திரையிலிருந்து விலக்கு உண்டு.

பெட்டியில் வாக்யூம் பை வேண்டவே வேண்டாம், இழை மடிந்தது மடிந்ததுதான். பாச்சை உருண்டையும் கூடாது. அந்த வாசனையைக் கண்டாலே பூச்சி விழுந்த கரடி என்று சந்தேகப்படுவார்கள். பருத்தித் துணிப் பையில் ஒவ்வொன்றாகப் போட்டு, கெட்டிப் பெட்டியில் அடுக்குங்கள்.

அங்கே அடுத்த மேசைக் கரடியைக் கேட்காமல் தூக்காதீர்கள், கேட்காமல் படமும் எடுக்காதீர்கள். பேட்டர்ன் திருடுகிறவர் என்ற பேர் ஒரு தடவை வந்தால் போகாது.

திரும்பும்போது மோஹேர் வாங்கிவாருங்கள். 140 செ.மீ. அகலத் துணியில் கால் மீட்டரை 50-க்கு 70 செ.மீ. துண்டாகத் தருவார்கள், 35 செ.மீ. கரடி ஒன்றுக்குச் சரியாக வரும். வாங்குமுன் திருப்பிப் போட்டுப் பின்புறத்தை நகத்தால் கீறுங்கள். நெசவு விலகுகிற துணியை என்ன விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள்.